வெள்ளத்தை முந்தும் செய்தி

கொங்கு நாட்டில் வெள்ளம் வரும் விதம் சற்று விந்தையானது. மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்; வானத்தில் ஒரு கருமேகமும் இராது. பவானி ஆற்றில் சிலர் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். சிறுவர்கள் நீந்தி விளையாடுவார்கள். அதே வேளையில் நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நீரெல்லாம் குந்தா, பவானி ஆகிய ஆறுகளின் வழியே பில்லூர் அணையில் வந்து சேரும். 100 அடி உயரமுள்ள அவ்வணையில் நீர்மட்டம் 97 அடியை எட்டியதும் உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுவது வழக்கம். அடுத்த சில மணி நேரத்தில், வெயில் காய்கின்ற ஊருக்குள் வெள்ளம் வந்துவிடும்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நீலகிரியிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. கோயம்புத்தூர் நகரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கின்ற சராசரி மழையைக் காட்டிலும் அது அதிகம். அதற்கு முந்திய ஆண்டு, 2018 ஆகஸ்டில், கர்நாடகத்து மழையால் காவிரி பெருகி, மேட்டூரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களில் கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் காண்பது ஒன்றே. நமது பகுதியின் பெருவெள்ளம் பெரும்பாலும் வேறோரிடத்து மழையால் வருவது. ஆகவே வானத்தைப் பார்த்து எச்சரிக்கை அடைய நமக்கு வழியில்லை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்தாக வேண்டும்.

அவ்வாறு செய்தியை விரைந்து கொண்டுவரும் கருவிகள் இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கின்றன. கைப்பேசி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், இணையதளம், செயலி எனப் பல வகையாக அவை பெருகிவிட்டன. ஆயினும் கருவி இருப்பது வேறு. அது உரிய நாளில் உதவும்படி ஆயத்தம் செய்து வைத்திருப்பது வேறு. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் இவ்வாயத்தத்தை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதையே இப்பேச்சில் காண்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை எந்த வழியில் நம்மிடம் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையின் அளவை முன்கூட்டிக் கணித்து, அபாயத்தின் தன்மைக்கு ஏற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. அது மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். அதே சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமைகளை வகுத்திருக்கிறது. அவை தம் அலுவலர்களைப் பேரிடர்ப் பணிக்குப் பழக்கிவைக்க வேண்டும்; தம்மிடமுள்ள சாதனங்களை எந்த நேரத்திலும் பயன்படும் நிலையில் பேண வேண்டும். மழை வந்தபின் செய்யத் தொடங்கினால் இவ்விரண்டும் கைகூடா.

இனி, எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும் விதத்தைப் பார்ப்போம். குறுஞ்செய்தி அஞ்சற்காரரைப் போன்றது. ஒவ்வொரு எண்ணையும் தேடித் தனித்தனியே செல்ல வேண்டும். லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் வழியில் நெரிசல் ஏற்பட்டுத் தாமதமாகக் கூடும். இக்குறையை நீக்க வந்ததே செல் ஒலிபரப்பு என்னும் முறை. இதில் ஒரு கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே தடவையில் செய்தியைப் பரப்பிவிடுகிறது. யாருடைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. வெளியூரிலிருந்து அன்றைக்கு வந்திறங்கியவரின் பேசியும் உரத்த ஒலியெழுப்பி எச்சரிக்கும். கோவையில் நூற்பாலைகள் நிறைந்திருந்த நாட்களில் ஆலைச் சங்கு ஊதினால், அது இன்னாருக்கு என்றில்லாமல் காது கேட்கும் தூரத்திலிருந்த எல்லாருக்கும் நேரம் தெரிந்துவிடும். செல் ஒலிபரப்பும் அத்தகையதே. 2023ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். இதுவன்றித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்', தமிழ்நாட்டு அரசு 2024இல் வெளியிட்ட 'டி.என். அலர்ட்' ஆகிய செயலிகளும் உள்ளன.

இவ்வளவு இருந்தும் இன்னும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஆலைச் சங்குக்குப் பொருள் இன்னதென்று ஊரார் எல்லாருக்கும் முன்னமே தெரியும். முதற் சங்குக்கு எழுவதும் அடுத்த சங்குக்குப் புறப்படுவதும் பழகிப்போன செயல்கள். 'கோவை மாவட்ட மலைப்பகுதிகளில் மிகக் கனமழை' என்னும் செய்திக்கு அப்படிப் பழகிய பொருள் உண்டா? மிகக் கனமழை என்பது 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்யும் மழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கும் ஒரு மூதாட்டிக்கு இக்கணக்கினால் என்ன விளங்கும்? தம் வீட்டுக்குள் தண்ணீர் வருமா, எப்பொழுது வரும், எங்கே போக வேண்டும் என்பனவே அவருக்குத் தெரிய வேண்டியவை. இவற்றைச் சென்னையிலோ தில்லியிலோ இருப்பவர் சொல்ல முடியாது. எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, எந்தப் பாலத்தின் மேல் நீர் ஏறினால் வழி அடைபடும் என்பதெல்லாம் அந்தந்த நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் தெரிந்தவை. கோவை மாநகரில் ஒரு மணி நேர மழைக்கே லங்கா கார்னர் ரயில் பாலத்தின் கீழே நீர் தேங்கும் என்பதை அவ்வழியே செல்வோர் யாவரும் அறிவர். இத்தகைய உள்ளூர் அறிவை மேலிருந்து வரும் எச்சரிக்கையோடு சேர்த்து, செய்ய வேண்டிய செயலாக மாற்றித் தருவதே உள்ளாட்சியின் முதற்பணி.

ஆகவே எச்சரிக்கை வாசகங்களை மழையில்லாத மாதங்களிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பாக இருக்கவும்' என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார். தம் பகுதி தாழ்வானது என்று எவரும் நினைப்பதில்லை. அதற்கு மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'பில்லூர் அணையிலிருந்து இன்று மாலை 4 மணிக்கு நீர் திறக்கப்படும். ஆற்றில் இறங்காதீர்கள். ஆற்றங்கரைத் தெருவில் உள்ளவர்கள் 3 மணிக்குள் நகராட்சி மேல்நிலைப்பள்ளிக்கு வந்துவிடுங்கள். மருந்தும் குடும்ப அட்டையும் எடுத்து வாருங்கள். உதவிக்கு 1077. அடுத்த செய்தி 5 மணிக்கு. நகராட்சி ஆணையர்.' என்ன நேரும், எங்கே, எப்பொழுது, நாம் செய்ய வேண்டியது என்ன, சொல்பவர் யார், மறு செய்தி எப்பொழுது என்னும் ஆறு கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. கடைசி விடை சிறிதாகத் தோன்றினும் மிக வேண்டியது. அடுத்த செய்தி வரும் நேரம் தெரிந்தவர் வதந்திக்குச் செவிகொடுக்காமல் காத்திருப்பார். நேரமும் தெருவும் இருக்கும் இடங்களை மட்டும் வெற்றாக விட்டு, மற்றவற்றை முன்னரே எழுதி, அதை அனுப்பும் பொறுப்பு யாருடையது, அவர் இல்லாதபோது யாருடையது என்பதையும் குறித்து வைத்துவிட்டால், நள்ளிரவிலும் ஐந்து நிமிடத்தில் செய்தி புறப்பட்டுவிடும்.

இத்தகைய ஆயத்தத்தின் பயனை நல்லவாடு என்னும் மீனவர் ஊர் நமக்குக் காட்டியது. புதுச்சேரியை அடுத்த அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஓர் அறிவு மையம் நடந்து வந்தது. கடலலையின் உயரம் பற்றிய கணிப்பைக் கணிப்பொறி வழியே பெற்று, அதை ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிப்பது அதன் அன்றாட வேலை. 2004 டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டுத் தம் வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். செய்தி உடனே அறிவு மையத்தை அடைந்தது. அங்கிருந்த ஒலிபெருக்கி ஊரை எச்சரித்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் சேதமுற்றன. ஓர் உயிரும் போகவில்லை. தொலைபேசி அன்று கடற்கரை நெடுகிலும் பல ஊர்களில் இருந்தது. நல்லவாட்டில் அதனோடு, தினந்தோறும் ஒலித்து மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. எனவே உள்ளாட்சி அமைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவையோ செய்தி எண்ணையோ பேரிடருக்கென்று தனியே ஏற்படுத்திப் பூட்டி வைத்தலாகாது. குடிநீர் வரும் நேரம், தடுப்பூசி முகாம், மின்தடை ஆகிய அன்றாடச் செய்திகளை அதில் தவறாமல் அனுப்பி வந்தால், ஆபத்து நாளில் அதன் குரலை மக்கள் நம்புவார்கள்.

இரண்டாவதாக, மின்னணுக் கருவிகள் யாவும் மின்சாரத்தை நம்பி நிற்பவை என்பதை மறத்தலாகாது. 2015 டிசம்பரில் சென்னைப் பெருவெள்ளத்தின்போது மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. ஒரே நகரத்தில் இருந்த உறவினர் ஒருவரையொருவர் விசாரிக்க முடியாமல் தவித்தனர். ஹாம் வானொலி அன்பர்கள் தம் கருவிகளைக் கொண்டு செய்தி அனுப்பி உதவினர். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமான நிலச்சரிவுகள் சாலைகளையும் துண்டித்தன. அத்தகைய நாளில் ஆளனுப்புவதும் அரிதாகிவிடும். ஆதலால் ஒரு செய்திக்கு ஒரே வழி என்று வைத்துக்கொள்வது தகாது. கைப்பேசி நின்றால் வானொலி, வானொலி எட்டாத இடத்தில் காவல்துறையின் கம்பியில்லாக் கருவி, அதுவும் இல்லையேல் ஒலிபெருக்கி கட்டிய வண்டி, கடைசியில் வீடு வீடாகச் செல்லும் மனிதர் என்று வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். முன்பெல்லாம் கிராமங்களில் தண்டோரா போடும் வழக்கம் இருந்தது. அத்தொழில் ஒரு சாராரைத் தாழ்த்துவதாக இருந்தமையால், அதைக் கைவிட்டு வண்டிகளில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு தமிழ்நாட்டு அரசு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அது நல்ல முடிவு. ஆனால் அந்த வண்டிக்கும் எரிபொருள் வேண்டும். ஒலிபெருக்கியின் மின்கலம் நிரம்பியிருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அவற்றை ஒரு முறையேனும் இயக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தி யாருக்குச் செல்கிறது என்னும் கேள்வி. இன்று கொங்கு நாட்டில் தமிழ் பேசுவோர் மட்டும் வாழவில்லை. திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளிலும், கோவை வார்ப்பட ஆலைகளிலும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம், ஜார்க்கண்டு ஆகிய மாநிலத்தவர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் ஆற்றோரத்திலும் சரிவிலும் வாடகை குறைந்த குடியிருப்புகளில் இருப்பதும் உண்டு. அவர்களுக்குத் தமிழில் மட்டும் எச்சரிக்கை அனுப்பினால், அனுப்பாததற்கு ஒப்பாகும். ஆனைகட்டி மலைப்பகுதியிலும் காரமடைக்கு அப்பாலும் உள்ள பழங்குடியினர் சிற்றூர்கள் சிலவற்றில் கைப்பேசி அலை சரிவர எட்டுவதில்லை. காது கேளாதார்க்கு ஒலிபெருக்கி பயன்படாது. கண் தெரியாதார்க்குப் படம் பயன்படாது. ஒவ்வொரு வார்டிலும் இத்தகையோர் யார், அவர்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்னும் பட்டியல் முன்பே இருத்தல் வேண்டும்.

உண்மைச் செய்தி எட்டாத இடத்தில் பொய்ச்செய்தி புகுந்துவிடும். 2023 மார்ச் மாதத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று, தொடர்பில்லாத காட்சிகளைச் சேர்த்துப் புனைந்த செய்தி சமூக வலைத்தளங்களில் பரவியது. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துவந்தவர்களும், ஊரிலிருந்த அவர்களுடைய பெற்றோரும் அஞ்சினர். அதிகாரிகள் இந்தியில் விளக்கம் வெளியிட்டு, உதவி எண்களை அறிவித்தனர். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. அது வெள்ளமன்று, எனினும் அணை உடைந்ததென்று ஒரு வதந்தி கிளம்பினால் என்ன ஆகும் என்பதை அதிலிருந்து நாம் ஊகிக்கலாம். பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி விளைவிப்போர்க்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தண்டனை பின்னால் வருவது. முன்னால் வர வேண்டியது, மக்கள் கேட்குமுன் அவர்கள் மொழியிலேயே உண்மையைச் சொல்லும் ஒரு குரல்.

நான்காவதாக, செய்தி மேலிருந்து கீழே வந்தால் மட்டும் போதாது. கீழிருந்து மேலேயும் செல்ல வேண்டும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் ஊறிய உயர்ந்த மதில் ஒன்று வீடுகளின் மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். ஒரு சுவர் சாயப்போவதை எந்த வானிலை நிலையமும் அறியாது. விண்ணில் சுற்றும் எந்தக் கோளுக்கும் அது புலப்படாது. அதன் அருகில் வாழ்பவரே அதை அறிவார். சாய்ந்த சுவர், விரிசல் கண்ட ஏரிக்கரை, அடைபட்ட ஓடை, அறுந்த மின்கம்பி ஆகியவற்றை ஒரு படத்தோடு அனுப்புவதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். வந்த தகவலுக்கு வரிசை எண் கொடுத்து, யார் நேரில் பார்த்தார், என்ன செய்தார் என்பதைத் தெரிவித்தவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராத எண்ணுக்கு இரண்டாம் முறை யாரும் எழுதமாட்டார்கள். கேட்கும் பழக்கமில்லாத அலுவலகம் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயன் குறைவே.

வெள்ளம் வடிந்த பிறகும் செய்தியின் வேலை முடிவதில்லை. அப்பொழுதுதான் அதன் நீண்ட பகுதி தொடங்குகிறது. குழாய் நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாமா, நனைந்த வீட்டில் மின்விசையைப் போடலாமா, எந்தச் சாலை திறந்திருக்கிறது, சேதத்தைக் கணக்கெடுக்க எப்பொழுது வருவார்கள், நிவாரணத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று மக்கள் பல வாரங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கேரளத்தில் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் பொறியியல் மாணவர்களான தொண்டர்களும் சேர்ந்து, உதவி கேட்போரின் வேண்டுகோள்களைத் தொகுக்கும் இணையதளம் ஒன்றை விரைவில் உருவாக்கினார்கள். பல உயிர்களுக்கு அது துணை செய்தது. ஒரே வேண்டுகோள் பல கைகள் மாறித் திரும்பத் திரும்ப வந்தபோது, அவற்றைத் தொலைபேசியில் விசாரித்துச் சரிபார்ப்பது பெரும் உழைப்பாயிற்று. அத்தகைய தளத்தையும், அதைச் சரிபார்க்கும் ஆட்களையும் அமைதிக் காலத்திலேயே ஏற்படுத்திப் பழகி வைத்தால் அவ்வுழைப்பு மிச்சமாகும்.

இதனோடு இரண்டு காரியங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டுவரி, குடிநீர் இணைப்பு முதலிய ஏடுகளின் மின்னணுப் படிகளை வேறோரிடத்திலும் காத்து வைத்தல். அலுவலகமே நீரில் மூழ்கினால், வீடிழந்தவர் தம் வீட்டை நிறுவ அவையன்றி வேறு ஆதாரம் இராது. மற்றொன்று, நிவாரணம் பெறுவோரின் பெயரும் எண்ணும் ஊர் முழுவதும் சுற்றாமல் காத்தல். துன்பத்தில் இருப்பவரின் விவரம் வஞ்சகர் கையில் சிக்கினால் அதுவே இன்னொரு பேரிடராகும். கைப்பேசி இல்லாதவர்க்காக, அனுப்பிய அறிவிப்பு ஒவ்வொன்றையும் தாளில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டுவதும் வேண்டும்.

மாணவர்களே, இவையெல்லாம் அதிகாரிகளின் வேலையென்று நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சாரணர் இயக்கத்திலோ இருக்கும் நீங்கள், உங்கள் வார்டின் வரைபடத்தில் முன்பு நீர் ஏறிய தெருக்களை முதியோரிடம் கேட்டுக் குறிக்கலாம். தனியே வாழும் முதியவர் யார் யார், யாருடைய வீட்டில் அழைப்பு மட்டும் வரும் பழைய பேசி இருக்கிறது என்று கணக்கெடுத்துத் தரலாம். மாவட்டக் கட்டுப்பாட்டறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டறைக்கு 1070, எல்லா அவசரத்துக்கும் 112 என்னும் எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். யார் சொன்னதென்று தெரியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருக்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, மனவுறுதி மட்டும் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய கோடையில் ஏரிகளைத் தூர்வாருவதும் மதகுகளைச் செப்பனிடுவதும் நம் முன்னோர் கண்ட முறை. அவ்வேலைகளின் வரிசையில், எச்சரிக்கை வாசகத்தை எழுதுதல், எண்களைச் சரிபார்த்தல், ஒலிபெருக்கியை இயக்கிப் பார்த்தல், ஒரு நாள் ஒத்திகை நடத்துதல் ஆகியவற்றையும் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் சேர்த்துக்கொள்ளுமானால், அவலாஞ்சியில் மழை கொட்டும் நாளில் மேட்டுப்பாளையத்து ஆற்றங்கரையில் இருப்பவர், தண்ணீரைக் காணுமுன் கரையேறிவிடுவார்.